முகம் கொடுக்காத டீக்கடைக்காரர்

ஆரணியில் தறிச்சத்தம் கேட்கிற எந்தத் தெருமுனையிலும் ஒரு டீக்கடைக்காரர் நிற்பார். வருகிறவரைப் பார்த்து அவர் சிரிப்பதில்லை, ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்வதுமில்லை. வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் கண்ணாடி டம்ளர் ஒன்று பலகைமேல் ‘ணங்’கென்று வந்து உட்காரும். யாருக்காக வைக்கிறாரோ அவரைத் தவிர தெருவில் உள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வைப்பார். கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வந்த குடும்பம் இதைப் பார்த்து, ‘இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படி வியாபாரம் பண்ணுகிறார்?’ என்று வியப்பதில் தப்பில்லை. ஜவுளிக்கடையில் இப்போதுதான் அவர்களுக்குக் கைகூப்பி, நாற்காலி போட்டு, கலர் தண்ணீர் கொடுத்து, நாற்பது சேலையை உதறிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கைகூப்பல் சேலைக்கு. ஆளுக்கான வரவேற்பு என்று ஆரணியில் ஒன்று உண்டென்றால், அது முகம் கொடுக்காத இந்த மனிதரிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

அந்த டம்ளரிலிருந்தே தொடங்கலாம். அதில் இருக்கும் டீ கேட்டு வாங்கியதல்ல. சர்க்கரை அரைக் கரண்டியா, இல்லவே இல்லையா, டிகாஷன் தூக்கலா, நுரை வேண்டுமா, ஆற்றித் தர வேண்டுமா, இதெல்லாம் என்றைக்கோ ஒருநாள் சொன்னது. சொன்னவர்கூட மறந்திருப்பார். கடைக்காரர் மறப்பதில்லை. தெருவில் யாருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது என்பது வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். வீட்டிலிருந்து ஒளித்துவைத்து இங்கே மட்டும் ‘ஒரு கரண்டி போடு’ என்பவர் யார் என்பதும் தெரியும். பித்தளைப் பாய்லருக்கும் பழுப்பேறிய வடிகட்டித் துணிக்கும் நடுவே நின்றுகொண்டு இத்தனையையும் மனத்தில் வைத்திருப்பவரிடம் சிரிப்பையும் சேர்த்து எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசை. லண்டன் பத்திரிகை ஒன்றில் 1946இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் தன் மனத்துக்குப் பிடித்த மதுக்கடை எப்படி இருக்கும் என்று ஒரு கட்டுரை எழுதினார். பரிமாறும் பெண்கள் அநேகமாக எல்லோரையும் பெயர் சொல்லி அறிந்திருப்பார்கள் என்பது அவர் அடுக்கிய சிறப்புகளில் ஒன்று. அப்படி ஒரு கடை உலகத்தில் இல்லை என்று கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். பாவம், ஆரணியின் தண்ணீரில்லாத கமண்டல நாகநதிக் கரைக்கு அவருக்கு வழி சொல்வார் இல்லை.

ஆர்வெலின் இங்கிலாந்தில் இருந்த கால்வாய்க்கரை மதுக்கடைகளும் ஒருவகையில் இதே பிறவிதான். 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறந்த பிறகு சரக்குப் படகுகள் நாடெங்கும் ஊர ஆரம்பித்தன. படகை இழுக்கும் குதிரைக்குக் கொட்டிலும் படகுக்காரருக்கு பீரும் கொடுக்கக் கரையோரத்தில் கடைகள் முளைத்தன. எந்தத் தொழிலின் பாதையில் கடை நிற்கிறதோ அந்தத் தொழிலின் நாழிகையில்தான் அதன் கதவு திறக்கும். ஆரணியிலும் அப்படித்தான். விடியற்காலையில் தெருவோடு நீளமாகப் பாவு இழுத்துக் கட்டும் நேரத்தில் பாய்லர் சூடாகியிருக்க வேண்டும். நெசவாளர் குழித்தறிக்குள் காலை இறக்கிவிட்டால் பிறகு எழுந்து வர மனம் வராது. நாடா ஓடினால்தான் கூலி. ஆகவே கம்பிக் கூட்டில் எட்டு டம்ளரை மாட்டிக்கொண்டு பையன் தறி தறியாகப் போய் வருவான். வெள்ளைக்காரன் ஏன் தன் மதுக்கடையை இங்கே விட்டுப் போகவில்லை என்பது வேறு கதை; அவன் விட்டுப் போனது டீதான். 1751இல் கிளைவ் ஆரணியில் சண்டை போட்டு ஜெயித்தார் என்று சரித்திரம் சொல்கிறது. எனக்கென்னவோ, 1930களில் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் ஊர் ஊராக இலவசமாக டீ ஊற்றிக் கொடுத்ததே அதைவிடப் பெரிய வெற்றி என்று படுகிறது. கிளைவின் ராஜ்ஜியம் போய்விட்டது, டீ போகவில்லை.

என் கட்சிக்கு முக்கியமான சாட்சி கல்லாவுக்கு அடியில் இருக்கிறது. கடையின் சுவரில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று கொட்டை எழுத்தில் பலகை தொங்கும். அதற்கு நேர் கீழே, முனை மடங்கி எண்ணெய்ப் பிசுக்கேறிய நீள நோட்டில் தெருவில் பாதிப் பேரின் கடன் எழுதியிருக்கும். பட்டு நெசவாளருக்கு மாதச் சம்பளம் இல்லை. நூலும் சரிகையும் முதலாளியிடமிருந்தோ சங்கத்திலிருந்தோ வரும். சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. சேலையின் கரையும் பூவேலையும் எப்படி என்பதைப் பொறுத்து ஒரு சேலைக்கு நாலைந்து நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் இழுக்கலாம். அதுவரை கையில் காசு புரளாது, ஆனால் தலைவலி மட்டும் வேளை தவறாமல் வரும். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் நாடா நின்றுபோகும். காசில்லாத அந்த நாட்களில்தான் பெஞ்சில் இடம் கிடைக்காது. அப்போது டீ ஊற்றிவிட்டு, பேசாமல் பென்சிலை எடுத்து நோட்டில் ஒரு கோடு கிழிக்கிறாரே, அதுதான் உபசாரம். முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடன் எழுதினால் வாங்குகிறவர் கூசிப்போவார். எங்கேயோ பார்த்துக்கொண்டு எழுதுகிறார் பாருங்கள், அந்த முகம் கொடுக்காமைக்கு விலையே இல்லை.

இது உபசாரமில்லை, வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் தந்திரம் என்று சிலர் சொல்லக்கூடும். கடன் இருக்கிற கடையை விட்டு அடுத்த கடைக்கு எவர் போவார்? நியாயமான கேள்விதான். பிரிட்டனில் தொழிலாளியின் கூலியை மதுக்கடையிலேயே பட்டுவாடா செய்யும் வழக்கம் இருந்தது. கூலி வீட்டுக்குப் போவதற்கு முன்பே கரைந்துவிட்டது. 1883இல் சட்டம் போட்டுத்தான் அதைத் தடுத்தார்கள். ஆனால் டீக்கடையில் ஒரு மனிதன் எவ்வளவுதான் அழிந்துவிட முடியும்? அதிகபட்சம் பத்து டீயும் நெஞ்செரிச்சலும். மேலும் பாக்கி ஏறியவர் வெட்கப்பட்டு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினால், நம்மவர் செய்வது ஒன்றுதான்: பையனைத் தறிக்கே டீயோடு அனுப்பிவிடுவார். கட்டிப்போடுகிறவர் செய்கிற வேலையா அது? சரி, கொஞ்சம் தந்திரமும் இருக்கட்டும். தந்திரமே இல்லாத விருந்தோம்பலை மாமியார் வீட்டில்கூடப் பார்க்க முடியாது.

இன்னொரு குற்றச்சாட்டு பழையது: பெஞ்சு வெட்டிப்பேச்சின் பள்ளிக்கூடம் என்பது. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர் 1675 டிசம்பரில் காப்பிக்கடைகளை மூடச்சொல்லி ஆணையிட்டார். உட்கார்ந்து அரசாங்கத்தைப் பற்றி வம்பளக்கிறார்கள் என்பதுதான் கோபம். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார். ஆரணிப் பெஞ்சில் நடப்பதும் அரசாங்க விவகாரம்தான். பெங்களூரில் பட்டு நூல் என்ன விலை, சூரத்திலிருந்து வரும் சரிகை ஏறுமா, கைத்தறிக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023இல் 300 ஆக்கியது யாருக்கு எவ்வளவு உதவியது, ஆரணிச் சேலை பட்டணத்துக் கடைக்குப் போனதும் எப்படிக் காஞ்சிபுரமாகிவிடுகிறது, இவற்றையெல்லாம் தினத்தந்தியின் ஒரு பக்கத்தை நாலு பேர் நாலு மூலையில் பிடித்துக்கொண்டு அலசுவார்கள். வம்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வம்பு வரம்பு மீறினால் நம்மவர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பெஞ்சைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். உட்கார்ந்திருப்பவரின் வேட்டிவரை துணி வந்ததும் சபை தானாகக் கலையும். அவர் வாயைத் திறந்து ‘கிளம்புங்க’ என்று சொன்னதாக வரலாறு இல்லை. இங்கிலாந்து மதுக்கடையில் இதற்கு மணி அடிக்கிறார்கள்.

எனக்கே பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: இந்த வரவேற்பு யாருக்கு? தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த காலம் கொள்ளுப் பாட்டன் காலமல்ல. ‘எல்லோரையும் ஒரே மாதிரிதான் பார்ப்பேன்’ என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் டம்ளர்கள் கழுவப்படும் இடத்தைப் போய்ப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். பெஞ்சில் பெண்கள் உட்காருவதும் இல்லை. தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, இரண்டாவது தறியில் உட்கார்ந்து நெய்வது என்று ஆரணிப் பட்டில் அவர்கள் பங்கு சரிபாதிக்குக் குறையாது. ஆனால் அவர்களுக்கு டீ தூக்குப்பாத்திரத்தில் வீட்டுக்குத்தான் வருகிறது. அவர்களுக்கு எவ்வளவு சர்க்கரை என்பதும் நம்மவருக்குத் தெரியும் என்று சொல்லிச் சமாளிக்கலாம். நான் சமாளிக்க விரும்பவில்லை. அந்தப் பெஞ்சு பாதித் தெருவுக்குத்தான்.

இப்போது பாய்லர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசியில் காசு அனுப்பினால், ‘பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது’ என்று பெண்குரலில் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறது. கடையில் மரியாதையாகப் பேசுகிற குரல் அது ஒன்றுதான். நம்மவர் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார், காரணமும் இருக்கிறது. உடனுக்குடன் காசு அனுப்பிவிடுகிறவர் நோட்டில் இல்லை. நோட்டில் இல்லாதவர் ஒரு வாரம் வராமல் போனால் பெட்டிக்குத் தெரியாது. பாக்கி இருக்கிறவர் இரண்டு நாள் கண்ணில் படவில்லையென்றால் போதும், மூன்றாம் நாள் தெருவில் அகப்பட்டதும், ‘இன்னாண்ணா, ஆளையே காணோம்?’ என்று சண்டைக்கு இழுப்பதுபோல ஒரு குரல் வரும். காசைத்தான் கேட்கிறாரா, உடம்பைத்தான் விசாரிக்கிறாரா என்பது அவருக்கே தெரியாது. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, கைப்பேசி நிறையப் பணம் வைத்திருக்கிற சில பெரியவர்களும் டீயைக் குடித்துவிட்டு, ‘எழுதிக்கோப்பா’ என்று சொல்லிவிட்டே போகிறார்கள்.