விண்ணப்பதாரர்

தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுத்தே ஜீவனம் நடத்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த அதிகாரி எந்த வேளையில் எந்த மனநிலையில் இருப்பார் என்பதைப் பஞ்சாங்கம் வாசிப்பதுபோல் வாசித்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் அத்தனை பேரும் கூடி வந்தாலும், ஒரகடத்துக்கு அருகே நான் குடியிருக்கும் வரிசை வீடுகளில், மூன்றாம் போர்ஷனில் வசிக்கும் ஐந்து வயது விண்ணப்பதாரருக்கு உறைபோடக் காணமாட்டார்கள்.

இவரை ஒரு தனி ஆசாமி என்று கருதிவிடக் கூடாது. இவர் ஓர் இனம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது முதல், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை தொடங்கியது வரையிலும் அதற்குப் பின்னரும், ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த இந்தச் சீமை கம்பெனி பஸ்ஸின் நேரத்துக்குத் தூங்கவும் விழிக்கவும் பழகிக்கொண்டபோது, அந்தப் பஸ்ஸின் கால அட்டவணையைத் தாய்ப்பாலோடு பருகி வளர்ந்த இனம். அரைக்கால் சட்டையில் ஒரு பித்தான் இராது. கழுத்தில் மட்டும் அப்பாவின் பழைய ஐ.டி. கார்டு நாடா தொங்கும், அதன் நுனியில் கார்டுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் ஊதல்.

இவருடைய சாமர்த்தியம் பிறவியிலேயே வந்ததன்று. நாலு வயதில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் அப்பாவின் மோட்டார் சைக்கிள் டாங்கியின் மேல் அமர்ந்தபடி, புதுக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு ஊர்ந்த டிரெய்லர் ஒன்றை அண்ணாந்து பார்த்துத்தான் இவர் தம் முதல் பெரிய மனுவைச் சமர்ப்பித்தார்.

"அப்பா, அதுல ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"அது கம்பெனியோடதுடா."

"நீதான பண்ற?"

"நான் கதவுக்கு ரப்பர் மட்டுந்தாண்டா மாட்டறேன்."

"அப்ப கதவ மட்டும் கொண்டாந்துடு."

தகப்பனார் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பைக் கண்டு தைரியம் கொண்ட விண்ணப்பதாரர், கதவிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து ஊதுகிற ஹாரனுக்கும் இறங்கிவந்து, கடைசியில் பெருந்தன்மையின் உச்சியில் நின்றுகொண்டு, "ஒரே ஒரு நட்டு?" என்றார். அவ்வளவுதான், சிரித்த முகம் வெளிறிவிட்டது. "சும்மா இருடா! கேட்டுல செக்கிங்ல மாட்டினா வேலையே பூடும்!"

அன்று மாலை அந்தப் பிள்ளை வாசற்படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முழுக் காரைக் கேட்டபோது நகைத்த மனிதர் ஒரு நட்டைக் கேட்டதும் நடுங்குவானேன்? கேட்கும் பொருள் சிறுத்துக்கொண்டே போனால் கோரிக்கை நியாயமாகிவிடும் என்றுதானே வளர்ந்தவர்களாகிய நாமும் கடன் கேட்கும்போது எண்ணிக்கொண்டிருக்கிறோம்! நியாயம் பொருளின் அளவில் இல்லை, கொடுக்கிறவனுடைய முகத்தில் எழுதியிருக்கிறது என்ற ரகசியத்தை நான் நாற்பது வயதில் கண்டுபிடித்தேன். அவர் ஒரு நட்டில் கண்டுகொண்டார்.

முகம் படிக்கும் இந்தக் கல்வி உண்மையில் இன்னும் முன்னமே ஆரம்பமாகிறதாம். 1997-ல் கலிபோர்னியாவில் ரெபகோலி, கோப்னிக் என்ற இரு மாதர்கள் குழந்தைகளுக்கு முன் பிஸ்கோத்தும் பச்சைப் பிராக்கோலியும் வைத்து, பிஸ்கோத்தைத் தின்று முகம் சுளித்தும் பிராக்கோலியைத் தின்று பரவசப்பட்டும் காட்டிவிட்டு, "எனக்குக் கொஞ்சம் கொடு" என்று கையை நீட்டினார்கள். பதினாலு மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கோத்தையே எடுத்துக் கொடுத்தன. பதினெட்டு மாதக் குழந்தைகளோ, இந்த அம்மாளுக்கு ருசி கெட்டிருக்கிறதே என்று வருந்தினவோ என்னவோ, பிராக்கோலியைக் கொடுத்தன. பிறத்தியாருக்கு வேறொரு மனசு உண்டு என்பது அந்த நாலு மாத இடைவெளியில் உதயமாகிவிடுகிறது. அந்த மனசு நைட் ஷிப்டு முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருக்கும் என்பதை அறிவதற்குத்தான் மேலும் மூன்று வருஷம் பிடிக்கிறது.

அதையும் நம்மவர் அடிபட்டே அறிந்தார். காலைப் பத்து மணிக்கு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கிய அறைக்குள் புகுந்து, உறங்கும் தகப்பனாரின் கண்ணிமையைத் தம் இரு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, "அப்பா, சாயங்காலம் பானிபூரி" என்றார். முதுகில் விழுந்தது. சாயங்காலம் பானிபூரியும் கிடைத்தது. அதே கோரிக்கை, அதே தகப்பனார்! அது முதல் சுவரில் மாட்டிய தினசரி நாட்காட்டியைவிடப் பிரயோஜனமான ஒன்று அவர் தலைக்குள் ஓடத் தொடங்கியது. பஸ்ட் ஷிப்டு வாரத்தில் மாலை நான்கு மணி உத்தமம், நைட்டு வாரத்தில் வாய் திறக்கலாகாது, ஓ.டி. பார்த்து வந்த தினம் சந்தேகாஸ்பதம். அப்பாவின் போன் 'டிங்' என்று ஒலித்து, அப்பா அம்மாவைப் பார்த்து, "போட்டுட்டான்" என்று சொல்லும் அந்த ஒரு நாள் சுபமுகூர்த்தம். செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கும் அம்மாவிடம் விருந்தாளி முன்னிலையில் எதையும் கேட்கலாகாது. கேட்டால் உடனே கிடைக்கும், ஆனால் விருந்தாளி போனதும் வட்டியோடு வசூலாகும். ஆயாவோ எதைக் கேட்டாலும் சரி என்பாள். அவள் முந்தானை முடிச்சில் மட்டும் ஒன்றும் இராது.

இவ்வளவும் தேறியபின் அவர் கைக்கொண்ட முறைதான் என்னைப் பிரமிக்க வைக்கிறது. இப்போதெல்லாம் அவர் எதையும் நேராகக் கேட்பதில்லை.

"அப்பா, நான் ஒண்ணு கேட்டா திட்டுவியா?"

"என்னன்னு சொல்லு."

"மொதல்ல திட்டமாட்டேன்னு சொல்லு."

வக்கீல்கள் பீஸ் வாங்கிக்கொண்டு பெற்றுத் தருகிற முன்ஜாமீன் வேறென்ன? என்னிடமும் ஒரு நாள் வந்து, திண்ணையில் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "தாத்தா, உனுக்கு இந்த வாரம் என்ன ஷிப்டு?" என்று விசாரித்தார். ரிடையராகிவிட்டேன், ஷிப்டெல்லாம் கிடையாது என்றேன். "அப்ப டெய்லியும் வீக் ஆபா!" என்று கண்கள் விரிய என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, புதையலைக் கண்டவன் பார்வை அது. அன்றிலிருந்து தினம் ஐந்து ரூபாய் எனக்குச் செலவு.

இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் அவதரித்த ராமானுஜரும் ஒரு பெரிய விண்ணப்பதாரரே. ஒரு ரகசியார்த்தத்தைக் கேட்பதற்காகத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்றும், கிடைத்ததும் கோபுரத்தின்மேல் ஏறி நின்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார் என்றும் குருபரம்பரைக் கதை கூறும். நம்முடைய பிள்ளையாண்டான் பதினெட்டு முறை கேட்பதைப் பத்தே நிமிஷத்தில் முடித்துவிடக்கூடியவர்தான். ஆயினும் ரகசியத்தைத் தமக்குள் வைத்துக்கொள்ளாத குணத்தில் ஊர் வாசனை தெரிகிறது.

போன வாரம், அவருடைய தங்கை, இரண்டு வயதுக்காரி, அடைத்திருந்த அறைக் கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது, இவர் பாய்ந்து சென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப கேக்காத. அப்பா நைட்டு. போன் டிங்குன்னு அடிக்கும், அப்ப நான் சொல்றேன், அப்ப போயி கேளு."

அவள் தலையை ஆட்டினாள். இவர் குரலைத் தாழ்த்தி, கழுத்து நாடாவைச் சரிசெய்துகொண்டு மேலும் சொன்னார்:

"வாங்கித் தந்தா பாதி எனக்கு."

கோபுரம் ஏறியவர் பாதி கேட்டதாகக் குருபரம்பரையில் இல்லை.