திரையும் வச்சிரமும்

நரை, திரை, மூப்பு என்ற வரிசையில் நடுவில் நிற்கும் திரையை, அதாவது தோல் சுருக்கத்தைப் பற்றியது இது. அதை விளங்கிக்கொள்ளத் தச்சுப்பட்டறையிலிருந்து தொடங்குவதே முறை. மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி, மரம் ஒட்டுவதற்கு எடுத்த வச்சிரம், ஆறினால் கட்டியாகிவிடும் ஆட்டுக்கால் பாயா, இரண்டிலும் இருப்பது வெந்து குலைந்த கொலாஜன். நம் தோலைத் தாங்கும் புரதமும் அதுவே; அது அறுந்து குறையும்போது திரை விழுகிறது. அந்தப் பெயரே பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது.

குலையாத கொலாஜனின் வடிவத்தைக் கண்டது சென்னை. பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிரில் ஆராய்ந்து, மூன்று இழை திரித்த கயிறு அது என்று 1954-55-ல் எழுதினார்கள். இழையில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின். கயிற்றின் நடுவில் அடங்கும் அளவுக்குச் சிறிய அமினோ அமிலம் அது ஒன்றே.

இந்தக் கயிற்றின் எடை சுமார் 3,00,000 டால்டன். தோலின் மேலடுக்கோ 500 டால்டனுக்கு மேற்பட்டதை எளிதில் உள்ளே விடாது. ஆகவே திரையைப் போக்கக் கொலாஜனைப் பூசிப் பயனில்லை. நொதியால் நறுக்கி, பெப்டைடு என்னும் சிறு துண்டுகளாக்கிக் குடிக்கிறார்கள். குடல் அதை மேலும் நறுக்குகிறது. புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலங்கள் சேர்ந்த இரட்டைத் துண்டுகள் இரத்தத்தில் தென்படுகின்றன. அவை செங்கல்லாக முகத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. எங்கோ கயிறு அறுந்தது என்ற தகவலாகத் தோல் செல்கள் அவற்றை எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதே கருத்து.

திரைக்காகத் தரப்படும் இன்னொரு பொருளான எக்ஸோசோமும் தகவல்தான். 30 முதல் 150 நானோமீட்டர் வரையுள்ள கொழுப்புப் பை. 1980-களில் ஆட்டின் இளம் சிவப்பணுக்களில் ரோஸ் ஜான்ஸ்டோன் அதைக் கண்டபோது, செல் வெளியே கொட்டும் குப்பை என்றே பலரும் நினைத்தார்கள். பிறகுதான் அதற்குள் ஆர்.என்.ஏ. இருப்பது தெரிந்தது. குருத்தணுக்களை வளர்த்த திரவத்திலிருந்து பிரித்தெடுத்த இந்தப் பைகளையும் பெப்டைடையும் சேர்த்துக் கொடுத்தால் மூத்த செல் மீண்டும் கயிறு திரிக்கும் என்ற எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெப்டைடு வயிற்றின் வழியே போவது. பையோ காயமற்ற தோலைக் கடக்காது என்பதால் நுண்ணூசியால் துளைத்த முகத்தில் விடுவது. வளர்ப்புக்கு வளர்ப்பு பையின் சரக்கு மாறுகிறது. நெப்ராஸ்காவில் எக்ஸோசோம் செலுத்திக்கொண்டவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதும், 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாத குப்பியை, காயம்பட்ட தோலில் ஊற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

கயிற்றை அறுப்பதில் பெரும்பங்கு வெயிலுக்கு. புற ஊதாக்கதிர் பட்டால் கொலாஜனை வெட்டும் நொதியைத் தோலே கூடுதலாகச் சுரக்கிறது. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில், 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் நாலரை ஆண்டுகள் பார்த்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. அளப்பதற்கு முகத்தைத் தொடவில்லை. புறங்கையில் சிலிக்கோன் வைத்து அச்செடுத்து, அதன் ரேகைகளைப் பார்த்தார்கள்.