தாய்லாந்து அன்னாசியும் உங்கள் சேமிப்பும்

வாழக்குளத்திலும் கொல்லிமலையிலும் அன்னாசி விளைகிற நாட்டுக்கு, தாய்லாந்திலிருந்து அதே அன்னாசியைத் தகர டப்பாவில் வரவழைத்து விற்பது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். வாழ்த்துகள். உங்கள் மச்சான் போட்டுக் கொடுத்த லாபக் கணக்கில் தப்பே இல்லை. அது கப்பல் ஏறுவதோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

முதலில் ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு வாங்குங்கள். உங்கள் பான் எண்ணையே ஐ.இ.சி. எண்ணாகத் தருவதால் வேலை சுலபமாக முடியும். தொழில் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று கொஞ்ச நாள் சந்தோஷமாக இருக்கலாம். அடுத்தது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் மத்திய லைசென்ஸ், 14 இலக்க எண். பிள்ளைகளின் பிறந்த நாளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பாங்காக் ஏஜென்ட் ஒருவர் ஒரு லாட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதாக வாட்ஸ்அப்பில் சொல்வார். சம்பந்தம் பேசப் போனவர்கள் ஜாதகத்தில் ஆயுள் பார்ப்பதுபோல் டப்பாவுக்கும் பாருங்கள். மொத்த ஆயுளில் 60 சதவீதம் அல்லது காலாவதிக்கு முன் 3 மாதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவாவது மிச்சமிருக்க வேண்டும். கப்பலில் ஏற்றும் நாளில் அல்ல, இங்கே இறக்குமதியாகும் நேரத்தில்.

இனி பழத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். லேபிளைப் பற்றி யோசியுங்கள். உங்கள் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், சைவக் குறி ஆகியவை விட்டுப்போயிருந்தால் பாதகமில்லை. கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டிலுள்ள பாண்டட் குடோனில் வைத்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். ஒரே ஸ்டிக்கராக இருக்க வேண்டும், பிரித்தெடுக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். ஆனால் தயாரிப்புத் தேதி இல்லாமல் வந்த டப்பாவை எந்தப் பசையும் காப்பாற்றாது.

அன்னாசி சைவம் என்பது அன்னாசிக்கே தெரியும். இருந்தாலும் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட்டாக வேண்டும். வட்டத்தின் விட்டம் டப்பா முகப்பின் பரப்பளவுக்கு ஏற்ப மில்லிமீட்டர் கணக்கில் மாறும். ஆகவே ஒரு ஸ்கேல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். (குறியைக் கேலி செய்யவில்லை. எதை வாங்கினாலும் முதலில் அந்தப் புள்ளியைத் தேடுகிற மாமியார் எனக்கும் உண்டு.)

கன்டெய்னர் மணலிப் பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்.ஸில், அதாவது கன்டெய்னர் சரக்கு நிலையத்தில், இறங்கும். அதிகாரி வந்து மாதிரி எடுப்பார். லேப் ரிப்போர்ட்டுக்கு 5 நாள் கெடு. அதுவரை வாடகை மீட்டர் ஓடும், நீங்களும் ஓடுவீர்கள். லேபில் பாகை வடித்துவிட்டுப் பழத்தை மட்டும் எடை போடுவார்கள். பாகில் மிதக்கும் பழமென்றால் நிகர எடையில் பாதிக்குக் குறையக்கூடாது. கூடவே கரைந்த வெள்ளீயத்தையும் அளப்பார்கள். கிலோவுக்கு 250 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அன்னாசி டப்பாவின் உட்புறத்தைப் பெரும்பாலும் அரக்குப் பூச்சு இல்லாமல் வெறும் வெள்ளீயப் பூச்சோடு விட்டுவைப்பார்கள். அந்த வெள்ளீயம் துளித்துளியாகக் கரைவதால்தான் பழம் கறுக்காமல் பொன்னிறமாக இருக்கிறது. வாடிக்கையாளரை மயக்கும் நிறத்தையும் அதிகாரியை முறைக்க வைக்கும் எண்ணையும் கொடுப்பது ஒரே உலோகம்.

தேறாவிட்டால் இரண்டாவது மாதிரியை வைத்து மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தோற்றால் சரக்கைத் திருப்பி அனுப்பலாம், அல்லது உங்கள் செலவிலேயே அழிக்கலாம். குடும்பத்தில் கலந்துபேசி முடிவெடுங்கள்.

தேறிவிட்டால் எம்.ஆர்.பி. போடுங்கள். புகாருக்கான தொலைபேசி எண்ணையும் அச்சிட வேண்டும். வீட்டு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். பாதி டப்பாவைத் திறந்தபடியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, "உலோக வாடை வருது சார்" என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள். காற்றுப் பட்டால் வெள்ளீயம் இன்னும் வேகமாகக் கரையும், கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, விற்பனை. அலமாரியில் அழகாக அடுக்கி வைக்கிற சூப்பர் மார்க்கெட்டை நம்பாதீர்கள். உங்களை வாழவைக்கப் போவது பேக்கரி. மாஸ்டர் பின்கட்டில் டப்பாவைத் திறந்து, வளையங்களை கேக் மேல் அடுக்கிவிட்டு, மில்லிமீட்டர் பார்த்து நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கரோடு அதைக் குப்பைக்கூடையில் வீசுவார். முதலாளி நல்ல மனிதர். கல்லாவில் உட்கார்ந்தபடியே, "அடுத்த லோடு வரும்போது சேர்த்து வாங்கிக்க தம்பி" என்பார். அடுத்த லோடைப் புக் செய்யுங்கள்.