திண்டுக்கல் சந்துகளில் பந்தின் வீச்சும் சுழற்சியும்: ஓர் ஆய்வு

பந்து எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு சுழலும் என்பது அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது என்பார்கள் கோல்ஃப் அறிஞர்கள். உள்ளே உள்ள ரப்பர், அடியின் விசையை வாங்கித் திருப்பித் தரும். மேலுறை கெட்டியான சர்லின் என்றால் மட்டையில் வழுக்கும், சுழற்சி குறையும். மென்மையான யூரித்தேன் என்றால் மட்டையின் வரிப்பள்ளங்களில் கவ்விக்கொண்டு கிறுகிறுவெனச் சுற்றும். மேலே 300-க்கும் மேற்பட்ட குழிகள். குழியில்லாத வழவழப் பந்து ஏறக்குறைய பாதித் தூரத்திலேயே விழுந்துவிடும்.

இதைச் சோதிக்கக் கொடைக்கானலில் 1895 முதலே கோல்ஃப் கிளப் இருக்கிறது. மலையேற மானியம் கிடைக்காததால் ஆய்வுக்களம் திண்டுக்கல்லின் நாகல் நகர்ச் சந்துகள் என்றும், ஆய்வுப்பொருள் தெருக் கிரிக்கெட்டின் டென்னிஸ் பந்து என்றும் முடிவாயிற்று.

புதுப்பந்தின் முடி காற்றில் சிக்கி வேகத்தைக் குறைக்கும். முடி உதிர்ந்து ரப்பர் பல்லிளித்ததும் பந்து சீறும். சாக்கடையில் விழுந்தெழுந்த பந்து தனி ரகம்: தண்ணீரைக் குடித்துக் கனத்து, எழும்பாமல் சறுக்கிக் கணுக்காலைத் தேடி வரும். அதைக் குச்சியால் தள்ளியெடுத்துச் சுவரில் நாலு சாத்து சாத்துவார்கள். சுவரில் பதிந்த கறுப்பு வட்டங்களே அன்றைய ஸ்கோர் போர்டு.

சுழற்சிக்கு வருவோம். கிரிக்கெட்டின் தோல் பந்து 156 முதல் 163 கிராம்; டென்னிஸ் பந்து விதிப்படி 60 கிராமைக்கூடத் தொடாது. அதனால்தான் கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையே அமுக்கிச் சொடக்க முடிகிறது. இந்தத் தெருச் சொடக்கு பந்தைத் தோல் பந்தில் வீசி உலகமெங்கும் விக்கெட் எடுத்தவர் சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின். 2024-இல் திண்டுக்கல் டிராகன்ஸ் அணி தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கோப்பையை வென்றபோது கேப்டனும் அவர்தான். (தோல் பதனிடும் திண்டுக்கல்லுக்கு எஸ்ஜி தோல் பந்து மீரட்டிலிருந்து வருவது தனி ஆய்வுக்குரிய துயரம்.)

தூரத்தில்தான் நம் சந்து முந்துகிறது. பந்து வரம்பு மீறிப் பறக்கிறது, மைதானங்களை நீட்டிக்கொண்டே போக முடியாது, பந்தின் வீச்சைக் குறைக்க வேண்டும் என்று கோல்ஃபின் தலைமை அமைப்புகளான ஆர் அண்ட் ஏ-யும் யூஎஸ்ஜிஏ-யும் 2023 டிசம்பரில் அறிவித்தன. நாகல் நகர் வல்லுநர்களோ பந்தைத் தொடவே இல்லை, விதியைத்தான் தொட்டார்கள். காம்பவுண்டுக்குள் நேராகப் போய் விழுந்தால் அவுட். அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும். நாய் வளர்க்கும் வீடு என்றால் துணைக்கு ஒருவன் போகலாம், அவுட் அவுட்தான்.