அல்காரிதம் அவர்களுக்குப் பணி நிறைவுப் பாராட்டு

மாண்புமிகு அல்காரிதம் அவர்களே, எங்கள் கைப்பேசிகளில் தாங்கள் ஆற்றிய தொண்டு கொஞ்சநஞ்சமல்ல. என்ன வேண்டும் என்று யோசிக்கும் சிரமத்தைக்கூட எங்களுக்கு வைக்காதவர் தாங்கள்.

முழங்கால் வலிக்குப் பயிற்சி தேடி வருகிற ஒரு தாயைச் சும்மா அனுப்பிவிடுவீர்களா? பயிற்சி வீடியோ ஆறு நிமிடத்தில் முடிகிறது. கையோடு, வலியை ஒரே இரவில் விரட்டும் கஷாயம். அடுத்து, மருத்துவர்கள் மறைக்கும் ரகசியம். அதற்கடுத்து, முப்பது வயதில் சிறுநீரகம் போனவரின் கதை. மணி பதினொன்றரை. முழங்கால் மறந்தே போய், நெஞ்சு படபடக்கிறது. வந்த வலியை மறக்கடித்து, வராத நோயைக் காட்டும் இந்த வைத்தியம் வேறு யாருக்குக் கைவரும்?

தங்கள் உழைப்புக்கு ஈடு ஏது? 2012-இல் யூடியூப், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைத் தங்களுக்கு அளவுகோலாகத் தந்தது. அன்றிலிருந்து எங்கள் நேரத்தின்மீது தங்களுக்குள்ள அக்கறை எங்களுக்கே இல்லை. அங்கே பார்க்கப்படும் நேரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் தங்கள் பரிந்துரையால் வருவது என்று அந்நிறுவனத்தின் நீல் மோகனே 2018-இல் சொன்னார். மிச்சத்தை எங்களுக்கென்று விட்டுவைத்தீர்களே, அந்தப் பெருந்தன்மையை என்னென்பது!

ஃபேஸ்புக்கில் தாங்கள் மனித மனத்தை எடைபோட்ட நேர்த்தி தனி. 2017 முதல், கோப முகம் உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தீர்கள். பிறந்தநாள் படத்துக்கு விழும் லைக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஐந்து. சண்டையென்றால் விலக்கிவிட ஓடும் எங்களுக்கு இந்தத் தொலைநோக்கு வருமா? கோபத்தின் மதிப்பை 2020-இல் பூஜ்யமாக்கினார்கள். மூன்று வருடம் போதாதா, எத்தனை வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு நின்றது!

'ஆர்வமில்லை' என்றொரு பொத்தானும் அருளினீர்கள். மோசில்லா அறக்கட்டளை 2022-இல் ஆராய்ந்தபோது, அதை அழுத்தியும் யூடியூபில் வேண்டாத பரிந்துரைகளில் 11 சதவீதம்தான் தடுக்கப்பட்டது தெரிந்தது. இலையை மூடியவனுக்கும் அள்ளி வைக்கிற கை தங்களுடையது.

இத்தனை உழைத்தவரை இன்னும் வேலை வாங்குவது பாவம். ஆகவே ஓய்வு. யூடியூபில் பார்த்தவற்றின் பட்டியலை அழித்து, இனிப் பதிவாகாமல் நிறுத்துகிறோம். அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும் அணைக்கிறோம். 2023 ஆகஸ்டு முதல், பட்டியலை அழித்துப் பதிவையும் நிறுத்தியவர்களின் முகப்பில் ஒரு வீடியோவும் வருவதில்லை. தேடும் பெட்டியும், சந்தா செய்த சேனல்களுக்கு வழியும் இருக்கின்றன. இன்ஸ்டாகிராமிலும் பின்தொடர்கிறவர்களின் பதிவுகளை மட்டும் வந்த வரிசையில் பார்க்க 2022 முதல் வழியுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, ஆளைக் கணிக்காத ஒரு தேர்வையாவது பெரிய தளங்கள் தரவேண்டும் என்று 2023 முதல் சட்டமே இருக்கிறது. அப்படியொரு சட்டம் எங்களைத் தேடி வரும்வரை தங்களைக் காக்கவைக்க மனமில்லை.

போகும்போது பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அடுத்து எதைப் பார்ப்பது, எப்போது போதும் என்று எழுவது, இரண்டையும் இனி தட்டுத்தடுமாறி நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.