80 சதவீத முகம்

அனுப்புநர்:
ஸ்டூடியோக்காரன்,
பஸ் ஸ்டாண்ட் அருகில், மேலூர்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
வெளிநாட்டினர் பிரிவு,
மத்திய உள்துறை அமைச்சகம், புது தில்லி.

பொருள்: குடியுரிமை விண்ணப்பத்துக்கான போட்டோ – முகம் தயார், விண்ணப்பம் எங்கே என்று கேட்பது தொடர்பாக.

ஐயா,

மேலூர் எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரிட்டாபட்டிப் பக்கம் பூமிக்கடியில் டங்ஸ்டன் இருக்கிறது என்று ஏலம் விட்டது டெல்லிதான். ஊரே திரண்டு மதுரைக்குக் கிளம்பிய பிறகு, 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்து செய்ததும் டெல்லிதான். பூமிக்குக் கீழே இருப்பதையே அவ்வளவு துல்லியமாகப் பார்க்கிற கண்ணுக்கு, பூமிக்கு மேலே நடமாடுகிற சில பேரைக் காட்டுவது கஷ்டமாக இருக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாண ஆர்டரெல்லாம் ட்ரோன் வைத்திருக்கிற பையன்களிடம் போய்விட்டது. காதுகுத்துக்கு செல்போனே போதும் என்கிறார்கள். எனக்கு மிச்சம் இருப்பது அரசாங்கம் ஒன்றுதான். அது 'சமீபத்திய பாஸ்போர்ட் அளவு புகைப்படம்' என்று கேட்கிற வரைக்கும் என் கடை ஷட்டர் திறக்கும். ஆகவே போட்டோ கேட்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் நாலு காப்பி சேர்த்துக் கேட்டாலும் சந்தோஷம்.

அளவுகளும் எனக்கு அத்துப்படி. அமெரிக்காவுக்கு 51 மில்லிமீட்டர் சதுரம். 2016 நவம்பரிலிருந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். இங்கிலாந்துக்கு 35க்கு 45. கனடாக்காரர்கள் குடியுரிமைக்கு 50க்கு 70 கேட்கிறார்கள். அதற்குள் தாடையிலிருந்து உச்சந்தலை வரை 31 முதல் 36 மில்லிமீட்டர். படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ பெயரும் முகவரியும் எடுத்த தேதியும் எழுத வேண்டுமாம். தொழிலுக்கு அங்கே இருக்கிற மரியாதை அது. டொராண்டோவில் நம் ஈழத்துப் பிள்ளைகள் 1,095 நாள் வசித்துக் காட்டி, இந்தப் படத்தையும் ஒட்டி, கனடியர் ஆகிவிடுகிறார்கள்.

நம் நாட்டு விதி அதைவிட நயமானது. 2025இல் வெளிநாட்டிலுள்ள நம் தூதரகங்களில் பாஸ்போர்ட் படத்துக்குப் புது அளவு சொன்னார்கள்: 630க்கு 810 பிக்சல், கேமரா ஒன்றரை மீட்டர் தள்ளி, வாய் மூடி, பின்னணி வெள்ளை, படத்தில் 80 முதல் 85 சதவீதம் முகம். அதே தூதரகத்தில் வாங்குகிற ஓ.சி.ஐ. அட்டைக்கோ பல வருஷமாக வேறு சட்டம்: சதுரப் படம், பின்னணி வெளிர் நிறம், ஆனால் வெள்ளை கூடாது. அதாவது இந்தியனாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் வெள்ளை வேண்டும். இந்தியனாக இருந்து வேற்று நாட்டவன் ஆகிவிட்டால் வெள்ளை ஆகாது. பாஸ்போர்ட் வெளியுறவு, தாங்கள் உள்துறை என்பது எனக்குத் தெரியும். மேலூரிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே டெல்லி.

வெள்ளைச் சுவர் முன்னால் எங்கள் வெயிலில் கறுத்த முகத்தை நிறுத்திப் படம் எடுப்பது என்ன வேலை என்று தங்கள் பிரிவில் யாராவது ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். கேமராவின் மீட்டர் அவ்வளவு வெள்ளையையும் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து, படத்தை இருட்டாக்கிவிடும். முகத்தில் கண்ணும் பல்லும்தான் மிஞ்சும். பல்லைக் காட்டவும் கூடாது. சரி என்று வெளிச்சத்தை ஏற்றினால் சுவர் பொங்கிக் காதோரத்தைத் தின்றுவிடும். முகத்தின் இரு ஓரமும் தெரியவில்லை என்று படம் திரும்பி வரும். கம்ப்யூட்டரில் டச்சப் செய்யலாமா என்றால், அதற்கும் தடை. 'அண்ணே, கொஞ்சம் வெள்ளையாப் போட்டுக் குடுங்கண்ணே' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த தொழிலில் இந்த ஒரு விதியை மட்டும் நான் மனதார வரவேற்கிறேன்.

இது மேலூர்த் தலையெழுத்து மட்டும் இல்லை. பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி கலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை லேப்களுக்கு அனுப்பும். அவள் முகம் நன்றாக விழுந்தால் பிலிம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கறுத்த முகங்கள் எப்படி விழுந்தன என்று அதிகம் பேர் கேட்கவில்லை. பிறகு சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் சொன்னார்கள், பிலிமும் திருந்தியது. பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. 2018இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளப் பெண்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் தவறு ஒரு சதவீதத்துக்கும் கீழே. கறுத்த பெண்களிடம் அது 34 சதவீதத்தைத் தாண்டியது. எங்கள் ஊர்ப் பெண்கள் சார்பாகப் புகார் கொடுக்க ஒரு சாக்லேட் கம்பெனியைத்தான் பிடிக்க வேண்டும் போலிருக்கிறது.

இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அந்தச் சுவரைப் பற்றி. என் ஸ்டூடியோவில் அதற்கு வெள்ளை அடித்தவர்கள் திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாம் பையன்கள். முகாம் ஆண்களில் பாதிப் பேருக்குப் பெயின்ட் வேலைதான்; காலையில் டப்பாவும் பிரஷ்ஷுமாகப் பஸ் ஏறுவார்கள். தங்கள் விதிப்படி நிழல் விழாத, கோடு தெரியாத சுவர் வேண்டும் என்றேன். இரண்டு கோட்டிங் அடித்து, வெயில் சாயும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தச் சுவர் முன்னால் நின்று இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் எத்தனையோ பேர் விசாவுக்குப் படம் எடுத்துவிட்டார்கள். சுவர் அடித்த பையன் அந்தப் படத்துக்கு நிற்க முடியாது. இத்தனைக்கும் அவன் மதுரையில்தான் பிறந்தான்.

ஐயா, இந்த நாட்டில் அந்த முகாம்காரர்களைப் போல அரசாங்கத்தால் பார்க்கப்பட்டவர்கள் வேறு யாரும் இல்லை. குடும்பத்தோடு படம் ஒட்டிய அடையாள அட்டை உண்டு. வருவாய்த் துறை தலை எண்ண வரும் நாளில் ஆள் நேரில் இருந்தாக வேண்டும். கியூ பிரிவு போலீசுக்கு யார் வீட்டுக்கு யார் விருந்தாளி என்பது வரைக்கும் தெரியும். மாதாமாதம் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைக்கு 500 என்று மாநில அரசு கொடுக்கிற பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று ஆக்கியாயிற்று. தமிழ்நாடு முழுக்க இப்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் அரை லட்சத்துக்கும் அதிகமான முகங்கள். அத்தனையும் பதிவில் இருக்கின்றன. விண்ணப்பத்தில் ஒட்டத்தான் இடம் இல்லை.

சட்டத்தை நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஒருவர் இந்தியக் குடிமகன் ஆக, கடைசி ஒரு வருஷம் முழுக்கவும் அதற்கு முந்தைய 14 வருஷத்தில் 11 வருஷமும் இங்கே வசித்திருக்க வேண்டும் என்கிறது. முகாமில் நாற்பது வருஷம் இருந்தவர்கள் உண்டு. நல்லொழுக்கம் வேண்டும் என்கிறது. கியூ பிரிவு இத்தனை வருஷம் உற்றுப் பார்த்து ஒன்றும் கிடைக்காதவரைவிட ஒழுக்கமானவர் எங்கே கிடைப்பார்? எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழி தெரிய வேண்டும் என்கிறது. தமிழ் இன்னும் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. எல்லாம் சரி, ஒரே ஒரு குறை: படகில் வந்து இறங்கும்போது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கையில் இல்லை. 2003இல் திருத்திய சட்டப்படி அவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. 1983 ஜூலையில் கொழும்பில் வீடு எரிந்தபோது, பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் போய்விட்டது.

அவர்களில் ஒரு பகுதியினரின் தாத்தாக்கள் இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். அப்போது போட்டோ கிடையாது. எண் பொறித்த தகரத் துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். 1948இல் இலங்கை, நீ இந்தியாக்காரன் என்றது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை எடுத்துக்கொள்வதாக நாம் கையெழுத்துப் போட்டோம். பேரன் வந்து நின்றால், நீ இலங்கைக்காரன் என்கிறோம்.

பிறந்த தேதி விஷயம்தான் எனக்குப் பெரிய குழப்பம். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் அப்பா அம்மா யாராக இருந்தாலும் இந்தியர். அதன் பிறகு பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போய், 2022இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அதே முகாமில், அதே மருத்துவச்சி கையில், 1987 ஜூலை 2ஆம் தேதி ஒரு குழந்தை பிறந்திருந்தால் அது அந்நியர். இரண்டு பேரையும் என் சுவர் முன்னால் நிறுத்தி 630க்கு 810இல் எடுத்துத் தருகிறேன். எந்த முகத்தில் 1986 தெரிகிறது, எந்த முகத்தில் 1987 தெரிகிறது என்று தங்கள் பிரிவு கண்டுபிடித்துச் சொன்னால் என் தொழிலுக்கும் உதவியாக இருக்கும்.

மதுரைக் கிளையே 2019 ஜூனில், இந்திய வம்சாவளியினர் 65 பேர் போட்ட வழக்கில், இவ்வளவு காலம் நாடற்றவர்களாகக் கண்காணிப்பில் வைத்திருப்பது அவர்களின் வாழ்வுரிமைக்கு விரோதம் என்று சொல்லி, விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்கச் சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அண்டை நாட்டில் துன்புறுத்தப்பட்டு, 2014 டிசம்பர் 31க்குள் காகிதம் இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை என்றார்கள். முகாமில் சிலர் அன்றைக்கே படம் எடுக்க வந்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம், அவ்வளவுதான். டெல்லியில் வரைபடத்தை கிராப் செய்த தம்பி கீழ்ப்பக்கத்தை வெட்டிவிட்டார். முஸ்லிம்களையும் வெட்டினார், அது வேறு கடிதம். 2025 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது: 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருந்ததற்குத் தண்டனை கிடையாது. குற்றவாளி இல்லை என்று சொன்னதற்கு நன்றி. குற்றவாளி இல்லை என்றால் சட்டவிரோதக் குடியேறியும் இல்லைதானே என்று முகாமில் ஒரு அம்மா கேட்டார். நான் போட்டோக்காரன், வக்கீல் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

திருவாதவூர் என்றதும் தங்களுக்கு ஞாபகம் வர வேண்டியவர் மாணிக்கவாசகர். அந்த ஊரில் பிறந்து, பாண்டியனுக்கு மந்திரியாகி, குதிரை வாங்கப் போன இடத்தில் கோயில் கட்டிவிட்டு வந்தவர். சிவபெருமான் நரிகளைக் குதிரையாக்கிக் கொண்டுவந்து இறக்கினார். ராஜா பகல் வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்து, சுழி பார்த்து, ஏற்றுக்கொண்டார். ராத்திரியில் அத்தனையும் நரி. அன்றைக்கே ஒவ்வொரு பரியையும் வெள்ளைப் பின்னணியில், வாய் மூடி, இரு காதும் தெரிய எடுத்து வைத்திருந்தால் கருவூலம் தப்பியிருக்கும் என்று தங்கள் அதிகாரிகள் வாதிடலாம். எனக்குச் சந்தேகம்தான். அன்றைக்கு எடுத்திருந்தால் படத்தில் விழுந்திருப்பது அருமையான குதிரை.

ஆகவே கீழ்க்கண்டவாறு வேண்டிக்கொள்கிறேன். அளவை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். முகம் 80 என்றாலும் 90 என்றாலும் எடுத்துத் தருகிறோம். ஆறு மாதத்துக்குள் எடுத்த படம் என்ற விதியில் மட்டும் சிறு தளர்வு வேண்டும். இங்கே ஒரு பாட்டி 1990இல் எடுத்த படத்தை பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். புதிதாக எடுக்கலாம் என்றால், 'ஏன் தம்பி, இதுக்குப் பதில் வந்ததும் எடுப்பம்' என்கிறார். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கும், வந்து நாற்பது வருஷம் ஆனவர்களுக்கும் விண்ணப்பப் படிவத்தைத் திறந்துவிட்டால், திருவாதவூருக்கே கேமராவும் குடை லைட்டும் கொண்டுபோய், எட்டு காப்பி இலவசமாகப் போட்டுத்தர சம்மதம். கரண்ட் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது மாநில அரசு, தங்களுக்குச் சம்பந்தமில்லை.

பதிலைச் சாதாரணத் தபாலில் அனுப்பினால் போதும். அதில் தங்கள் போட்டோ ஒட்ட வேண்டியதில்லை. கையெழுத்து இருந்தால் சரி.

இப்படிக்கு,
தங்கள் விதிமுறைகளால் பிழைக்கும்
மேலூர் ஸ்டூடியோக்காரன்.