பட்டியலில் பெயர் இருக்கிறதா?
(வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: பிணையாளிகளை விடுவிக்கச் சொல்லி உலகத் தலைவர்கள் அறிக்கைமேல் அறிக்கை விடுகிறார்களே, துப்பாக்கி வைத்திருப்பவன் அதைப் படிக்கிறானா?
*(வாசகர், மெர்லிமாவ்)*

படிக்கிறான். தன் கையில் இருப்பவருக்காக வெளியே எத்தனை பேர் தவிக்கிறார்கள் என்று எடைபோடவாவது படிக்கிறான். ஆனால் அதைப் படித்துவிட்டு யாரையும் விட்டுவிட மாட்டான். அவனிடம் பேசக்கூடிய ஒருவர் நடுவில் வர வேண்டும். 2000 ஏப்ரல் 23 அன்று நமது சிப்பாடான் தீவிலிருந்து 21 பேரைப் பிலிப்பைன்ஸின் அபு சயாப் கும்பல் அங்குள்ள ஜோலோ தீவுக்குக் கடத்தியது. கண்டனம் பல நாடுகளிலிருந்தும் வந்தது. லிபியா பேச்சில் இறங்கிய பிறகுதான் காரியம் நகர்ந்தது.

கேள்வி: கொலை செய்தவனோடு உட்கார்ந்து பேசுவது அவனுக்கு மரியாதை கொடுப்பதாகாதா?
*(கல்லூரி மாணவர், ஆயர் குரோ)*

உள்ளே அடைபட்டிருப்பவரின் தாயிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், தம்பி. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலிலிருந்து ஹமாஸ் பிடித்துச் சென்றவர்களில் 30க்கும் மேற்பட்ட தாய்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். கடல் கடந்து விவசாயக் கூலி வேலைக்குப் போன ஏழைகள். அந்தச் சண்டையில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. தாய்லாந்து நாடாளுமன்றத் தலைவர் அனுப்பிய குழு தெஹ்ரானில் ஹமாஸ் ஆட்களையே நேரில் சந்தித்தது. நவம்பர் 24 அன்று, போர் நிறுத்தத்தின் முதல் நாளிலேயே, 10 பேர் வெளியே வந்தார்கள். உயிரோடு எஞ்சியிருந்த கடைசி 5 பேர் 2025 ஜனவரி 30 அன்று வந்தார்கள். பேசியது தவறென்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: என் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவே இல்லை. அவரை விடச்சொல்லி அன்றைக்கு எந்த நாடாவது கேட்டதா?
*(ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, ஜாசின்)*

அவர் பெயரைச் சொல்லிக் கேட்க யாருமில்லை, ஐயா.

சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். ஜப்பானியர்கள் 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அங்கே வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல். மலாயாவிலிருந்து கொண்டுபோன கூலிகள் அதைவிட அதிகம், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். கைதிகளுக்கு 1929ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் இருந்தது. ஜப்பான் அதை உறுதிசெய்யவில்லை என்றாலும், அனுசரிப்பதாக வாயளவில் சொல்லியிருந்தது. அந்தப் பிடியை வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்து வழியாக லண்டன் முறையிட முடிந்தது. 1944 ஜனவரியில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடன், கைதிகள் படும் பாட்டை நாடாளுமன்றத்தில் விவரித்தார்.

முறையீட்டால் அவர்கள் பிழைத்தார்களா? 12,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆனாலும் பெயரும் எண்ணும் படைப்பிரிவும் தாளில் இருந்தன. அதனால் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இன்றும் பராமரிக்கப்படுகின்றன. உங்கள் தாத்தாவின் பெயர் இருந்தது தோட்டக் கிராணியின் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்). அதை யார் ஜெனீவாவுக்கு அனுப்புவார்கள்?

சீருடை போடாதவர்களுக்கென்று தனி ஒப்பந்தம் 1949இல்தான் வந்தது. நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 34ஆம் விதி ஒரே வரிதான்: பிணையாளி பிடிப்பதற்குத் தடை. 51ஆம் விதி கட்டாய வேலைக்கு வரம்பு கட்டுகிறது. இதெல்லாம் உங்கள் தாத்தா போனபின் வந்த வரிகள். நினைக்கும்போது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. பாட்டி சொன்ன தோட்டத்தின் பெயர், லயம், கூடப்போனவர்களின் பெயர்கள் ஞாபகம் இருந்தால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள், ஐயா. இந்த வாரமே.

கேள்வி: இலங்கைப் போரில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய மக்களுக்காக மலேசியா குரல் கொடுத்ததா?
*(வாசகி, அலோர் காஜா)*

தெருவில் நாம் கொடுத்தோம். ஜெனீவாவில் நாடு வேறுவிதமாக வாக்களித்தது. 2009 மே 27 அன்று, போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12 நாடுகள். அந்த 29இல் மலேசியாவும் உண்டு, இந்தியாவும் உண்டு. 2012இல் மலேசியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. அரசு பாதுகாப்பு வலயத்துக்குள்ளேயே குண்டு போட்டது என்றும், தப்பியோட முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள் என்றும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. இரு பக்கத்திடமும் வேண்டுகோள் போயிற்று. மக்களுக்கு வழிவிட எவரும் தயாராக இல்லை.

கேள்வி: முள்ளிவாய்க்காலைப் பற்றிப் பேசினால் போலீஸ் வருமோ என்று பயமாக இருக்கிறது.
*(வாசகர், காடெக்)*

உங்கள் ஊர்க்காரருக்கு அந்தப் பயம் வராமல் எப்படி இருக்கும்? புலிகளோடு தொடர்பு என்று 2019 அக்டோபரில் கைதான 12 பேரில் உங்கள் அன்றைய சட்டமன்ற உறுப்பினரும் ஒருவர். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தில் மாதக்கணக்கில் அடைபட்டார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். இறந்த குழந்தைக்காக அழுவது எந்த இயக்கத்துக்கும் ஆதரவாகாது. பேசுங்கள்.

கேள்வி: எங்கள் தாமானில் ஒரு பையன் தாய்லாந்தில் வேலை என்று போனான். இப்போது மியான்மார் எல்லையில் அடைத்து வைத்திருக்கிறார்களாம். என்ன செய்வது?
*(இல்லத்தரசி, டுரியான் துங்கால்)*

முதலில் பெற்றோர் போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் செய்யட்டும், அம்மா. அதன் நகலோடு பாஸ்போர்ட் பிரதி, கடைசியாக அழைத்த எண், நாள், நேரம், அனுப்பிய படம், இடக்குறி எல்லாவற்றையும் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்குக் கொடுக்க வேண்டும். பாங்காக்கிலும் யாங்கோனிலும் உள்ள நம் தூதரகங்கள் அதை வைத்துத்தான் அங்குள்ள அதிகாரிகளிடம் பேச முடியும். எல்லையோர மியாவடிப் பக்கம் ஆயுதக் குழுக்களின் ஆதிக்கம் உண்டு, வீட்டார் தாங்களே புறப்பட்டுப் போக வேண்டாம். பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஒரு ரிங்கிட்கூடக் கொடுப்பதற்கு முன் போலீசிடம் சொல்லுங்கள். பையனின் படத்தை டிக்டாக்கில் போடாதீர்கள். அடைத்து வைத்திருப்பவனும் அதைப் பார்ப்பான்.